சபுராளி வீட்டு ஓட்டு: ஆறு-ஏ படிவம் போடுகிறவர்களுக்கு

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று எங்கள் ராமநாதபுரம் கரையோரத்தில் எந்தத் தெருவுக்குள் போனாலும் வீட்டுக்கு ஒரு சபுராளி, அதாவது பிழைப்புக்கு வெளிநாடு போனவர், இருப்பார். துபாய், தோஹா, கோலாலம்பூர், சிங்கப்பூர், புருனை. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் என் தலையில் இருந்தது. பி.எல்.ஓ. டீச்சர் என்றால் இன்னும் சில தெருக்களில் அடையாளம் தெரியும். பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் கேள்விகள் ஓயவில்லை. "டீச்சரம்மா, எம் மவன் ஓட்டு என்னாகும்? அங்கேருந்தே போட முடியுமா?" வெளிநாட்டில் இருப்பவர் வாக்காளர் பட்டியலில் பெயர் பதியப் போடும் 6ஏ படிவத்தைப் பற்றி ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கசப்பான சேதி. வெளிநாட்டில் இருந்துகொண்டே இந்தியத் தேர்தலில் ஓட்டுப் போட இப்போதைக்கு வழி கிடையாது. போனில் முடியாது, தபாலில் முடியாது. தூதரகத்தில் பெட்டி வைக்க மாட்டார்கள். தம்பியை அனுப்பிப் போடச் சொல்லவும் கூடாது. பட்டியலில் பெயர் ஏற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஓட்டுப் போட ஆள் ஊருக்கு வந்து தன் வாக்குச்சாவடி வரிசையில் நிற்க வேண்டும். "அப்ப எதுக்கு டீச்சர் இந்த ஃபாரம்?" என்று எழுந்து போனவர்கள் உண்டு. அவர்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் படிவம் போட வேண்டிய காரணமும் இருக்கிறது.

1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒரு தொகுதியில் வழக்கமாக வசிப்பவருக்குத்தான் அங்கே பட்டியலில் இடம் என்று சொல்கிறது. அந்தக் கணக்கில் வேலைக்காக வெளிநாட்டில் குடியிருக்கும் ஆள் எந்த ஊர்ப் பட்டியலிலும் நிற்க முடியாமல் இருந்தது. 2010-இல் சட்டத்தைத் திருத்தி 20ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2011 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வேலை, படிப்பு, வேறு எந்தக் காரணமாகவோ வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன், பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரி எந்தத் தொகுதியில் வருகிறதோ அங்கே 'வெளிநாட்டு வாக்காளர்' என்று பெயர் பதியலாம். அதற்கான படிவம்தான் 6ஏ. அதற்கு முன் பெயர் இருந்த சபுராளிகள் எல்லாம் பொதுப் பட்டியலில், வீட்டில் குடியிருப்பவர்கள் மாதிரி இருந்தவர்கள்தான். இன்றும் பலர் அப்படியே இருக்கிறார்கள். அந்த இடம் கெட்டியான இடம் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

யாருக்கு இந்தப் படிவம்

கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருக்க வேண்டும், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கக் கூடாது, தகுதி நாளில் பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும். தகுதி நாள் முன்பு ஜனவரி 1 மட்டும்தான். 2022-இலிருந்து ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு. வெளிநாட்டில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பதினெட்டு அங்கேயே முடிந்துவிடும். அவர்கள் ஊரில் வாக்காளராக ஒரு நாளும் இருந்திருக்கத் தேவையில்லை, முதல் பதிவையே 6ஏ-வில் செய்யலாம்.

குழப்பம் வருவது மலேசியா, சிங்கப்பூர் வீடுகளில். "அவுகளுக்கு நீல ஐ.சி. கெடச்சிருச்சு" என்பார்கள். எந்த ஊர் நீலம் என்று கேட்டாக வேண்டும். மலேசியாவில் நீல அட்டை குடிமகனுக்கு, சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு. சிங்கப்பூரில் நீல அட்டைதான் நிரந்தரவாசிக்கு, குடிமகனுக்கு இளஞ்சிவப்பு. நிரந்தரவாசி இன்னும் இந்தியக் குடிமகன்தான், 6ஏ போடலாம். குடியுரிமை வாங்கியவருக்கு இந்திய வாக்குரிமை அன்றே போய்விட்டது. வேறு நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையைக் காட்டி "இதுல இந்தியக் குடிமகன்னு போட்டிருக்கே" என்று வாதாடியவர்கள் இருக்கிறார்கள். அந்த அட்டையில் ஆயுள் முழுக்க வந்து போகலாம், சொத்து வாங்கலாம். ஓட்டு மட்டும் கிடையாது.

மூன்று மாதம் மகள் பிரசவத்துக்கு ஷார்ஜா போன உம்மாவும், உம்ரா போனவர்களும் இந்தப் படிவத்தைத் தொடவே வேண்டாம். தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் வசிப்பிடம் இல்லாமல் போகாது என்று அதே சட்டம் சொல்கிறது. கப்பலில் ஒப்பந்தத்துக்குப் போய் ஒப்பந்தம் முடிந்ததும் வீடு திரும்புகிறவர்கள் நடுவில் நிற்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் முடிவு வாக்காளர் பதிவு அலுவலருடையது. நேரில் போய்க் கேட்பது நல்லது. இராணுவத்தில் இருப்பவர்களுக்கும், இந்தியத் தூதரகங்களில் வேலை பார்க்கும் அரசு ஊழியர்களுக்கும் பாதையே வேறு. அவர்கள் சேவை வாக்காளர்கள், அவர்களுக்குத் தபால் ஓட்டு உண்டு. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர் வீடுகளில் இதை எனக்கே விளக்கிச் சொல்வார்கள்.

குடியுரிமைப் பேச்சு வந்ததால் மண்டபத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே அகதி முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள் எத்தனை வருடம் இங்கே வாழ்ந்திருந்தாலும் இந்தியக் குடிமக்கள் ஆகாதவரை வாக்காளர் ஆக முடியாது. ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், இந்தியப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் ஓட்டுப் போட்டார். முகாமில் அதே வயதில் இருப்பவர்கள் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துப் பார்க்கலாம்.

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம்

படிவத்துக்குப் போகும் முன் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். இந்த வேலையில் பாதிச் சிக்கல் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டில் நகல் கேட்டால் உம்மா பீரோவைத் திறந்து, பழைய பிஸ்கட் டின்னை எடுத்து, அதிலிருந்து நாலாக மடித்த ஜெராக்ஸ் ஒன்றை நீட்டுவார். அதில் போட்டோ உள்ள முதல் பக்கம் மட்டும் இருக்கும். பயண ஏஜெண்டுக்கும் பேங்குக்கும் அது போதும். நமக்கு வேண்டியது கடைசிப் பக்கம்: தகப்பனார் பெயர், தாயார் பெயர், மனைவி பெயர், அதற்குக் கீழே முகவரி. நீங்கள் எந்தத் தொகுதி, எந்தப் பாகம் (ஒரு வாக்குச்சாவடிக்குரிய பட்டியல்) என்பதை அந்த மூன்று வரிதான் தீர்மானிக்கிறது. இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள், சொத்து எங்கே இருக்கிறது, ரேஷன் கார்டு எங்கே என்பதெல்லாம் கணக்கில் வராது.

கீழக்கரையில் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். வீடும் பெண்ணுக்குத்தான் எழுதி வைப்பார்கள். ஆனால் பாஸ்போர்ட் எடுத்தது கல்யாணத்துக்கு முன்னால். ஆள் லீவுக்கு வந்தால் தங்குவது நடுத்தெருவில் மனைவி வீடு. கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருப்பது வடக்குத்தெருவில் உம்மா வீடு. "அவுக இங்கதானே டீச்சர் இருக்காக, அந்த வூட்ல இப்ப யாரும் இல்லையே" என்பார் மனைவி. விசாரணைக்கு பி.எல்.ஓ. போவது உம்மா வீட்டுக்குத்தான். அந்த வீடு பூட்டிக் கிடந்தால், அல்லது வாடகைக்கு வந்த குடும்பம் "அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்று கதவைச் சாத்தினால், விண்ணப்பம் அங்கேயே தொங்கும்.

இதைவிடச் சிக்கல் சென்னை முகவரி. முதல் தடவை வெளிநாடு போகும்போது மண்ணடியில் அறை எடுத்துத் தங்கி, அந்த முகவரியிலேயே பாஸ்போர்ட் எடுத்தவர்கள் நிறைய. அவர்கள் 6ஏ போட்டால் ஓட்டு சென்னைத் துறைமுகம் தொகுதிக்குப் போகும். ராமநாதபுரம் அலுவலகத்தில் எத்தனை தடவை கேட்டாலும் இங்கே சேர்க்க மாட்டார்கள், சட்டத்தில் இடமில்லை. ஊரில்தான் ஓட்டு வேண்டும் என்றால் பாஸ்போர்ட்டில் முகவரியை மாற்ற வேண்டும். முகவரி மாற்றம் என்றால் புதுப் புத்தகமே வழங்குவார்கள், அதற்கென்று கட்டணம், காவல்துறை விசாரணை எல்லாம் உண்டு. ஓட்டுக்காக மட்டும் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். புத்தகம் காலாவதி ஆகும் நேரத்தில் புதுப்பிக்கும்போது சேர்த்துச் செய்துகொள்ளுங்கள்.

ராமேசுவரம், பாம்பன், மண்டபம் எல்லாம் இராமநாதபுரம் சட்டமன்றத் தொகுதி. தொண்டி திருவாடானையில் வரும், சாயல்குடி முதுகுளத்தூரில் வரும். தாலுகாவும் தொகுதியும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. சந்தேகம் இருந்தால் அதே வீட்டில் ஓட்டு உள்ள ஒருவரின் அட்டை எண்ணைத் தேடிப் பார்த்தால் தொகுதியும் பாக எண்ணும் தெரிந்துவிடும். 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

படிவம் நிரப்புவது

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் வெளிநாட்டு வாக்காளருக்குத் தனியாகக் கணக்குத் தொடங்கும் வசதி இருக்கிறது. ஊரிலிருக்கும் தம்பி தன் நம்பரில் ஓ.டி.பி. வாங்கிச் செய்வதைவிட, வெளிநாட்டில் இருப்பவர் தன் மின்னஞ்சலில் தானே செய்வதே நல்லது. பின்னால் வரும் தகவல் எல்லாம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். இணையம் வேண்டாம் என்றால் படிவத்தை அச்செடுத்து நிரப்பி, தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலருக்குத் தபாலில் அனுப்பலாம். ஊருக்கு வந்திருக்கும்போது நேரில் கொடுத்தால் அசல் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள்.

படிவத்தில் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், எங்கே எப்போது வழங்கியது, எப்போது முடிகிறது, விசா எண், விசா வகை, எந்தத் தேதியிலிருந்து வெளிநாட்டில் இருக்கிறீர்கள், காரணம் என்ன, இந்திய முகவரி, வெளிநாட்டு முகவரி. கடினமாக எதுவும் இல்லை. ஆனால் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே போடுங்கள். இணையத்தில் ஆங்கிலத்தில் அடித்தால் தமிழ் எழுத்து தானாக வந்து விழும், அங்கே கண்ணை வையுங்கள். செய்யது இபுராகீம் என்ற பெயர் 'சையத் இப்ராஹிம்' என்று வரும், அதுகூடப் பரவாயில்லை. சேகு, மீரா, நெய்னா போன்ற நம் ஊர்ப் பெயர்களை அந்த இயந்திரம் படுத்தும் பாடு சொல்லி முடியாது. தமிழ்ப் பெட்டியில் கையால் திருத்தலாம். திருத்தாமல் விட்டால் அப்படியே பட்டியலில் அச்சாகும், பிறகு அதற்கு எட்டாம் படிவம் போட்டு அலைய வேண்டும்.

இணைக்க வேண்டியவை: வெள்ளைப் பின்னணியில் சமீபத்திய வண்ணப் போட்டோ, பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கம், முகவரிப் பக்கம், செல்லுபடியாகும் விசா உள்ள பக்கம். தபாலில் அனுப்பினால் ஒவ்வொரு நகலிலும் விண்ணப்பதாரரே கையெழுத்துப் போட வேண்டும். மகனுக்காக அத்தா போடக்கூடாது. விசா பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. அமீரகத்தில் 2022-இலிருந்து பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள், எமிரேட்ஸ் அடையாள அட்டைதான் எல்லாம். ஸ்டிக்கர் இல்லாதவர்கள் குடியிருப்பு அனுமதியின் அச்சுப் பிரதியையும் அந்த அட்டையின் இரு பக்க நகலையும் சேர்த்து வையுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வெளிநாட்டு முகவரியில் கம்பெனி கேம்ப் அறை எண்ணை எழுதுவதைவிடக் கம்பெனியின் தபால்பெட்டி எண்ணை எழுதுங்கள். கேம்ப் மாறிக்கொண்டே இருக்கும்.

கடைசியில் உறுதிமொழி. நான் இந்தியக் குடிமகன், வேறு குடியுரிமை வாங்கவில்லை, வாங்கினால் தெரிவிப்பேன், ஊர் திரும்பினால் தெரிவிப்பேன், வேறு எங்கும் என் பெயர் பட்டியலில் இல்லை என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். தெரிந்தே பொய் எழுதினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஏற்கெனவே வாக்காளர் அட்டை வைத்திருப்பவர்கள் அதை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டு வாக்காளருக்குப் புது அட்டை தருவதில்லை, பாஸ்போர்ட்தான் அட்டை.

பாதிப் பேர் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். "அட்டையைக் கொடுத்துட்டா நாளைக்குப் பத்திரப் பதிவுக்கு என்ன பண்ணுறது?" என்பார்கள். ஆதார் இருக்கிறது, பாஸ்போர்ட் இருக்கிறது, பத்திரம் நிற்காது. அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு பொதுப் பட்டியலிலும் பெயரை விட்டு வைத்தால் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தேர்தலுக்கு முன் ஒவ்வொரு பாகத்துக்கும் ஊரில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று ஒரு தனிப் பட்டியல் தயாரித்து வாக்குச்சாவடி அதிகாரியிடம் கொடுப்போம். உங்கள் பெயர் அதில் ஏறிவிடும். ஏறாவிட்டால் அது இன்னும் மோசம். ஆள் வரமாட்டார் என்று தெரு முழுக்கத் தெரிந்த ஓட்டின் மேல் யாருக்காவது கண் விழும்.

2025 நவம்பர் 4-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்த கணக்கெடுப்புப் படிவத்தில், ஆள் இல்லாவிட்டால் வயதுவந்த உறவினர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம் என்று இருந்தது. கொடுத்த வீடுகள் உண்டு, "அவர் வரட்டும், பார்த்துக்கலாம்" என்று வைத்திருந்த வீடுகளும் உண்டு. திரும்பி வராத படிவத்துக்குரிய பெயர்கள் வரைவுப் பட்டியலில் ஏறவில்லை. அதனால் 6ஏ போடும் முன் உங்கள் பழைய பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுங்கள். இருந்தால் அதைப் படிவத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது குற்றம்.

வீட்டுக்கு ஆள் வரும்போது

விண்ணப்பம் போட்ட பிறகு வேலை முழுக்க ஊரிலிருப்பவர்கள் கையில். பி.எல்.ஓ. பாஸ்போர்ட் முகவரிக்கு நகல்களோடு வருவார். இந்த முகவரியில் உள்ளவர்தானா, எந்த நாட்டில் இருக்கிறார், நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டு, நகல்களைச் சரிபார்த்து, உறவினரிடம் ஓர் உறுதிமொழி எழுதி வாங்குவார். அவ்வளவுதான் விசாரணை. ஆனால் எங்கள் பக்கத்தில் பகல் நேரத்தில் வீட்டில் பெண்கள் மட்டும் இருப்பார்கள். அரசாங்க ஆள் ஃபைலோடு வந்து மகன் பெயரைக் கேட்டால், சீட்டு விஷயமோ, போலீஸ் விஷயமோ என்று பயந்து "தெரியாது" என்று சொல்லிவிடுவார்கள். பெற்ற தாயே "அப்படி யாரும் இல்லை" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு லாத்தா வந்து "இது நம்ம டீச்சர்தான், ஓட்டுக்கு வந்திருக்காக" என்று சொன்ன பிறகுதான் மகனுக்கு உயிர் வந்தது.

எனவே விண்ணப்பம் போட்ட அன்றே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்: ஆள் வருவார், ஆறு-ஏ என்று கேட்பார், என் பாஸ்போர்ட் நகல் டின்னில் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள் என்று. முகவரி உம்மா வீடாக இருந்து குடியிருப்பது மனைவி வீடாக இருந்தால் இரண்டு வீட்டுக்கும் சொல்லுங்கள். பூட்டிய வீடாக இருந்தால் உங்கள் பாகத்து பி.எல்.ஓ. யார் என்று விசாரித்து முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசி, உறவினர் ஒருவரை அந்த நேரத்துக்கு அங்கே வரச் சொல்லுங்கள். உறுதி சொல்ல உறவினர் யாரும் இல்லை, அல்லது சொல்ல மறுக்கிறார்கள் என்றால் ஆவணங்கள் நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்துக்குச் சரிபார்ப்புக்குப் போகும். போனால் அது வரும் நேரத்தில் வரட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

விண்ணப்பம் ஏழு நாள் பார்வைக்கு வைக்கப்படும், யாராவது ஆட்சேபம் சொல்லலாம். சொல்லாவிட்டால் முடிவு எழுதி, பாகத்தின் பட்டியலில் கடைசியில் வெளிநாட்டு வாக்காளர் என்று தனியாக உள்ள பகுதியில் பெயர் ஏறும்.

எப்போது போடுவது

தேர்தல் தேதி அறிவித்ததும் ஓடி வருகிறார்கள், அது பலிக்காது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடிக்கொள்ளும். விசாரணைக்கும் ஏழு நாள் அறிவிப்புக்கும் நேரம் வேண்டும் என்பதால் அதற்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் கையில் இருக்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி அறிவித்தது மார்ச் 16. தமிழ்நாட்டில் மனுத் தாக்கலின் கடைசி நாள் மார்ச் 27. பத்து நாளைக் கழித்தால் மார்ச் 17. அறிவிப்பு வந்து மறுநாளே கதவு சாத்தியாகிவிட்டது! ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. ஒரு மாதம் இருக்கிறதே என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்.

தேர்தல் இல்லாத காலத்தில், லீவில் ஊரில் இருக்கும்போது போடுங்கள். அசல் பாஸ்போர்ட் கையில், ஆள் நேரில், பி.எல்.ஓ.வுக்கும் வேலைப் பளு குறைவு. இதைவிடச் சுலபமான நேரம் கிடையாது.

ஓட்டுப் போட வரும் நாள்

அசல் பாஸ்போர்ட் கட்டாயம். ஜெராக்ஸ், போனில் உள்ள படம், வெளிநாட்டு அடையாள அட்டை, பழைய வாக்காளர் அட்டை எதுவும் செல்லாது. வாசலில் மேசை போட்டிருக்கும் கட்சிக்காரர்கள் உங்கள் பெயரைத் தேடிவிட்டு "இல்லையே மச்சான்" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வரிசை எண்ணையும் பாக எண்ணையும் முந்தின நாளே இணையத்தில் எடுத்து எழுதி வைத்துக்கொண்டால் இந்த வம்பு இல்லை. சில வாக்குச்சாவடி அதிகாரிகளே வெளிநாட்டு வாக்காளரை முன்பின் பார்த்திருக்க மாட்டார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள், அவர்கள் கைப்புத்தகத்தில் எழுதியிருக்கிறது.

உங்கள் பெயரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டார் என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். அடையாளத்தை நிரூபித்தால் டெண்டர் ஓட்டு என்று காகிதச் சீட்டில் ஓட்டுப் போட உங்களுக்கு உரிமை உண்டு. அது தனி உறையில் போகும், வாக்கு எண்ணும்போது எண்ண மாட்டார்கள். வழக்கு வந்து நீதிமன்றம் சொன்னால்தான் பிரிப்பார்கள். ஆனாலும் போட்டுவிட்டு வாருங்கள். அந்தச் சாவடியில் கள்ள ஓட்டு நடந்ததற்கு எழுத்தில் உள்ள சாட்சி அதுதான்.

இவ்வளவு செய்தும் வந்து போடுகிறவர்கள் மிகக் குறைவு. 2024-இல் நாடு முழுவதும் பதிவு செய்திருந்த வெளிநாட்டு வாக்காளர் 1,19,374 பேர். அதில் 89,839 பேர் கேரளம். நேரில் வந்து போட்டவர்கள் 2,958 பேர்தான், அதிலும் 2,670 பேர் கேரளத்துக்காரர்கள். மலையாளிகள் இதை ஓர் இயக்கமாகவே நடத்துகிறார்கள். நம் கரையில் ஜமாஅத்தும் வெளிநாட்டு நலச் சங்கங்களும் பள்ளிக்கூடம் கட்ட, ஜனாஸா செலவுக்கு, கல்விக் கடனுக்கு எவ்வளவோ செய்கின்றன. படிவம் நிரப்ப ஒரு மேசை போடுவது அதற்கு முன்னால் ஒரு காரியமே இல்லை.

தபால் ஓட்டுக்கும் பதிலாள் ஓட்டுக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. வெளிநாட்டு வாக்காளர் பதிலாள் மூலம் ஓட்டுப் போட வகை செய்யும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமல் 2019-இல் அந்த மக்களவையோடு காலாவதி ஆனது. 2020-இல் தேர்தல் ஆணையமே மின்னணுத் தபால் வாக்கை இவர்களுக்கும் தரலாம் என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. இன்னும் ஒன்றும் ஆகவில்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் பிரான்சு நாட்டு அதிபர் தேர்தலில் இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறார்கள், வர முடியாதவர் இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கவும் அந்த நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஓட்டை விலை பேசுவார்கள், கம்பெனிக்காரன் மிரட்டுவான் என்றெல்லாம் காரணம் சொல்கிறார்கள். அது உள்ளூரில் மட்டும் நடக்காததா?

வேலை பார்க்கும் நாட்டில் ஓட்டு உண்டா என்றும் சிலர் கேட்கிறார்கள். வளைகுடாவில் பொதுவாக வெளிநாட்டவருக்கு இல்லை. மலேசியா, சிங்கப்பூரில் குடிமக்களுக்கு மட்டும். பிரிட்டனில் கதை வேறு: உரிய குடியேற்ற அனுமதியோடு அங்கே வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், அதாவது இந்தியப் பாஸ்போர்ட்காரர்களும், அந்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில்கூட ஓட்டுப் போடலாம். அதனால் இந்தியக் குடியுரிமை போய்விடாது. லண்டனில் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை.

கேன்சலில் வந்துவிட்டால்

விசாவை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டவர்கள் பதிவு அலுவலருக்கு எழுதித் தெரிவித்து வெளிநாட்டுப் பகுதியிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி, ஆறாம் படிவம் போட்டுப் பொதுப் பட்டியலுக்கு மாற வேண்டும். அப்போதுதான் அட்டை வரும். இந்தத் தடவை பாஸ்போர்ட் முகவரி பிடிவாதம் கிடையாது, உண்மையில் குடியிருக்கும் இடத்திலேயே, மனைவி வீட்டு முகவரியிலேயே போடலாம். ஆதாரில் அந்த முகவரி இருந்தால் சான்றுக்கு அலைச்சல் இல்லை. வந்த களைப்பில் ஆறு மாதம் தள்ளிப் போடாமல், ஆதார் முகவரியை மாற்றும் வாரத்திலேயே இதையும் முடித்துவிடுங்கள்.